சென்னை–சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? விமானத் தூரமும் பயண நேரமும் கணக்கிடும் வழி

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் 2,925 என்றும் சொல்லலாம், 1,817 என்றும் சொல்லலாம், 1,580 என்றும் சொல்லலாம். மூன்றுமே சரி. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது சாதாரண மைல், கடைசியாக உள்ளது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் நாட்டிக்கல் மைல். ஒரு சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு நாட்டிக்கல் மைல் சரியாக 1,852 மீட்டர். எந்த அளவு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் இந்தக் கணக்கில் நடக்கும் முதல் தவறு.

நேரம் கேட்டால் குழப்பம் இன்னும் கூடும். வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி. விமானம் உண்மையில் எடுத்துக்கொள்வது நாலு மணியைச் சுற்றி. டிக்கெட்டில் 4 மணி 25 நிமிடம் என்று இருக்கும். இவையும் பொய்யில்லை, ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில். தூரத்துக்கு ஒரே விடைதான் உண்டு. நேரத்துக்கு அப்படி இல்லை. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

தூரம்: பக்கத்து ஊர்களுக்குக் கையால் போடும் கணக்கு

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை உண்டு. சென்னை விமான நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17 பாகை. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வடக்கு 9.79, கிழக்கு 80.07. தீர்க்கரேகை ஏறத்தாழ ஒன்றே, அதாவது பலாலி சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது சுமார் 111.2 கிலோமீட்டர். 12.99இலிருந்து 9.79ஐக் கழித்தால் 3.20, அதை 111.2ஆல் பெருக்கினால் 356 கிலோமீட்டர். முடிந்தது கணக்கு. வரைபடம்கூட வேண்டாம்.

கிழக்கு மேற்காகப் போகும்போது இவ்வளவு எளிதில்லை. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேர்கின்றன. ஆகவே வடக்கே போகப் போக அவற்றுக்கு இடையிலான அகலம் குறையும். ஒரு பாகை தீர்க்கரேகை சென்னையில் 108 கிலோமீட்டர், லண்டனில் 69 கிலோமீட்டர், ஹெல்சின்கியில் 55தான். எந்த அட்சரேகையில் நிற்கிறோமோ அதன் கொசைனால் 111.2ஐப் பெருக்கினால் இந்த அகலம் கிடைக்கும்.

சென்னை–மதுரைக்குப் போட்டுப் பார்ப்போம். மதுரை வடக்கு 9.83, கிழக்கு 78.09. அட்சரேகை வித்தியாசம் 3.16 பாகை, அதாவது 351 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 2.08 பாகை. இரண்டு ஊருக்கும் நடு அட்சரேகை 11.4, அதன் கொசைன் 0.98. ஆக 2.08 × 111.2 × 0.98 = 227 கிலோமீட்டர். இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் போதும்: இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418. சாலையில் 460 கிலோமீட்டர் சொச்சம் ஓட்டுகிறோம். ஆகாயத்தில் அது 418.

இந்தக் குறுக்குவழி பூமியைத் தட்டையாக நினைத்துக்கொள்கிறது. பக்கத்து ஊருக்கு அது பாதகமில்லை. பூமத்திய ரேகைக்கு அருகே என்றால் தூரத்து ஊருக்கும் ஓரளவு தாங்கும்: சென்னை–சிங்கப்பூருக்கு இதே முறையில் 2,929 வருகிறது, சரியான விடையைவிட நாலைந்து கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் சென்னை–லண்டனுக்குப் போட்டால் 8,707 கிலோமீட்டர் வரும். உண்மைத் தூரம் 8,235. கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர் பிசகு. சென்னையிலிருந்து மதுரைக்குப் போய் இன்னும் மேலே போகலாம் அந்தப் பிசகில்.

தூரத்து ஊர்களுக்கு: ஹேவர்சைன்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். அந்தப் பாதையின் நீளத்தைக் கண்டுபிடிக்கப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் ஹேவர்சைன். பெயர்தான் மிரட்டும், சைன், கொசைன் உள்ள ஒரு சாதாரணக் கால்குலேட்டரே போதும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வடக்கு 1.359, கிழக்கு 103.989. சென்னைக்கு 12.990, 80.169 என்று எடுத்துக்கொள்வோம்.

1. அட்சரேகை வித்தியாசம் 11.631. அதில் பாதி 5.8155. அதன் சைன் 0.10133, அதன் வர்க்கம் 0.01027.

2. தீர்க்கரேகை வித்தியாசம் 23.820. பாதி 11.910. சைன் 0.20637, வர்க்கம் 0.04259.

3. இரண்டாவது வர்க்கத்தை இரண்டு ஊர் அட்சரேகைகளின் கொசைன்களாலும் பெருக்க வேண்டும்: 0.04259 × 0.97441 × 0.99972 = 0.04149.

4. முதல் படியின் விடையையும் இதையும் கூட்டினால் 0.05176. அதன் வர்க்கமூலம் 0.2275.

5. அந்த எண்ணின் தலைகீழ் சைன் (கால்குலேட்டரில் sin⁻¹) 13.15 பாகை. இரட்டித்தால் 26.30 பாகை. பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள கோணம் இதுதான்.

6. 26.30ஐ 111.195ஆல் பெருக்கினால் சுமார் 2,924 கிலோமீட்டர்.

அந்த 111.195 எங்கிருந்து வந்தது? பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டு சுற்றளவைக் கணக்கிட்டு 360ஆல் வகுத்தது. உண்மையில் பூமி முழு உருண்டை இல்லை. நடுவில் சற்றே புடைத்தது. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இதனால் ஹேவர்சைன் விடையில் அரை விழுக்காடு வரை பிசகு வரலாம். இரண்டு இணையதளங்கள் ஒரே ஜோடி ஊர்களுக்குச் சில கிலோமீட்டர் மாற்றிச் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்; ஒன்று உருண்டையாகவும் மற்றொன்று புடைத்த வடிவமாகவும் பூமியை எடுத்துக்கொண்டிருக்கும். பயணம் போகிறவருக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

கணக்கு கோணலாகப் போகும் இடங்கள் வேறு. முக்கியமானது பாகை, கலை என்ற முறையிலிருந்து தசமத்துக்கு மாற்றும்போது நடப்பது. 12 பாகை 59 கலை என்பதை 12.59 என்று எழுதிவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. 59ஐ 60ஆல் வகுத்தால் 0.983. ஆக அது 12.983. இந்த ஒரு புள்ளிக் குழப்பத்தில் விமான நிலையம் 43 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து செங்கல்பட்டையும் தாண்டிவிடும். அடுத்தது, மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி போட மறப்பது. நியூயார்க்கின் மேற்கு 73.8ஐக் கழித்தல் குறி இல்லாமல் எழுதினால் நியூயார்க் மத்திய ஆசியாவுக்கு வந்துவிடும். எக்செல்லில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே சைனும் கொசைனும் ரேடியனில்தான் வேலை செய்யும்; பாகையை அப்படியே கொடுத்தால் விடை அபத்தமாக வரும். விடையைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. அதைத் தாண்டி வந்தால் எங்கோ தப்பு.

ஊர்ப் பெயரைத் தட்டித் தேடும் கால்குலேட்டர்களில் இன்னொரு வம்பு. சேலம் என்று தட்டினால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சேலம் வந்து நிற்கலாம். ஐதராபாத் பாகிஸ்தானிலும் உண்டு. சான் ஹோசே என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் ஒன்று, கோஸ்டா ரிக்காவில் ஒன்று. பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுப்பதே பத்திரம்: சென்னைக்கு எம்.ஏ.ஏ., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என்., திருச்சிக்கு டி.ஆர்.இசட். லண்டன் போன்ற ஊருக்கு இது இன்னும் அவசியம்; அங்கே ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று விமான நிலையங்கள் பல.

வரைபடத்தில் ஏன் வளைந்து போகிறது?

இருக்கையின் முன் திரையில் விமானத்தின் பாதை வில்லாக வளைந்திருப்பதைப் பார்த்து, சுற்றிப் போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறானது உண்மை. வளைந்து தெரிவதுதான் குறுக்குப் பாதை. உருண்டையைத் தட்டையான தாளில் விரித்ததால் வந்த தோற்றம் அது. வீட்டில் குழந்தைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை டெல்லியில் ஒரு முனை, சான்ஃபிரான்சிஸ்கோவில் மறுமுனை என்று இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் நடுவில் போகாது. ரஷ்யாவுக்கு மேலே ஏறி ஆர்க்டிக் பக்கமாக இறங்கும். அந்தத் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர்.

பூமத்திய ரேகையை ஒட்டியும், நேர் வடக்கு தெற்காகவும் உள்ள பயணங்களில் இந்த வளைவு தெரியாது. சென்னை–சிங்கப்பூர் பாதை வரைபடத்திலும் ஏறத்தாழ நேராகவே இருக்கும்.

கணக்கிட்ட தூரத்தை விமானம் பறப்பதில்லை

பெருவட்டத் தூரம் என்பது அடிமட்டம். எந்த விமானமும் அதைவிடக் குறைவாகப் பறக்க முடியாது. பெரும்பாலும் கூடுதலாகவே பறக்கும். சாதாரண நாளில் அந்தக் கூடுதல் சில விழுக்காடு.

காரணங்களில் முதலாவது ஓடுபாதை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எண். அதாவது திசைகாட்டியில் சுமார் 70 பாகை, 250 பாகை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது சிங்கப்பூர் விமானமும் மேற்கு நோக்கித்தான் கிளம்பும். ஏறியபின் திரும்பிக் கடலைப் பிடிக்கும். சிங்கப்பூரிலிருந்து வருகிற விமானத்துக்கு அந்தக் காற்று வசதி: கடல் பக்கமிருந்து நேராக வந்து இறங்கிவிடலாம். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். வருகிற விமானம் நகரத்தைத் தாண்டி மேற்கே போய் வளைந்து திரும்பி இறங்கும். சில நிமிடங்கள் அதில் போகும்.

இரண்டாவது, ஆகாயத்திலும் சாலைகள் உண்டு. குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போகும் அந்தப் பாதைகளில்தான் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படுகின்றன. ராணுவப் பயிற்சிப் பகுதி, இடிமேகம், எரிமலைச் சாம்பல் எல்லாவற்றையும் சுற்றிப் போக வேண்டும்.

மூன்றாவது மலை. இந்தியாவிலிருந்து வடகிழக்கே சீனாவுக்குப் போகும் விமானங்கள் திபெத் பீடபூமியின் நடுவே நேராகப் போவதைத் தவிர்க்கின்றன. விமானம் 36,000 அடியில் பறக்கும்போது இமயமலை இடிக்குமா என்றால் இடிக்காது. சிக்கல் வேறு. உள்ளே காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் சில நிமிடங்களுக்கே வரும். திபெத்தில் தரையே 14,000 அடிக்கு மேல். இறங்க இடம் எங்கே?

நாலாவது காரணம் அரசியல், இப்போதைக்குப் பெரிய காரணமும் அதுதான். 2022 பிப்ரவரியில் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. ஹெல்சின்கி–டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்தில் போன, பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் வட துருவத்தைச் சுற்றிப் போகத் தொடங்கி, பயணம் 13 மணி நேரம் ஆனது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. தூரக் கால்குலேட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

இந்தியாவில் இதைவிடப் பளிச்சென்ற உதாரணம் உண்டு. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. சில நாட்களில் இண்டிகோ நிறுவனம் டெல்லியிலிருந்து மத்திய ஆசியாவின் தாஷ்கண்ட்டுக்கும் அல்மாட்டிக்கும் போகும் சேவைகளை நிறுத்தி வைத்தது. டெல்லி–தாஷ்கண்ட் சுமார் 1,580 கிலோமீட்டர்தான்; டெல்லி–சென்னை 1,760. சென்னையைவிடப் பக்கத்தில் இருக்கும் ஊருக்குச் சுற்றுவழியில் போய்ச்சேர அந்தச் சிறிய விமானங்களுக்கு எட்டவில்லை. தூரத்தை மட்டும் பார்த்துப் பயணத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். சென்னை, கொச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்கள் அரபிக்கடல் மேலே போவதால் அவற்றுக்கு இந்தத் தடையால் பெரிய பாதிப்பு இல்லை.

நேரம்: வகுத்தால் மட்டும் போதாது

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் உயரத்தில் ஒலியின் வேகத்தில் 0.78 மடங்கில் பறக்கின்றன. அந்த உயரத்தில் வெளியே வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 56 பாகை சொச்சம்; அவ்வளவு குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,062 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். அதில் 0.78 என்றால் 828. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை 0.85இல், அதாவது மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர். உள்ளூர்ச் சேவைகளில் வரும் ஏடிஆர் 72 விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேகம் பயணத்தின் நடுப்பகுதிக்கு மட்டும்தான். பயணம் தொடங்குவது விமானம் கதவடியிலிருந்து பின்னுக்குத் தள்ளப்படும் நொடியில். அங்கிருந்து ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போக 10 முதல் 20 நிமிடம். ஏறிய பிறகு 10,000 அடிவரை பொதுவாக 250 நாட் வேகத்துக்கு மேல் போவதில்லை. அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர். முழு உயரத்தை எட்ட 20, 25 நிமிடம் ஆகும். இறங்குவதற்கு விமானிகள் ஓர் உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 நாட்டிக்கல் மைல். 36,000 அடியிலிருந்து இறங்க 108 நாட்டிக்கல் மைல், அதாவது 200 கிலோமீட்டர். சிங்கப்பூர் போகும் விமானம் தரைதொட அரைமணி இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடும். தரைதொட்ட பின் மறுபடியும் ஊர்ந்து கதவுக்கு வர ஐந்து முதல் பத்து நிமிடம்.

ஏறி இறங்கும்போது வேகம் குறைவதால் இழப்பது 15, 20 நிமிடம். தரையில் கழிவது 20, 25 நிமிடம். இரண்டும் சேர்ந்து 40. ஆகவே ஜெட் விமானங்களுக்கான கணக்கு: கிலோமீட்டரை 830ஆல் வகுத்து வரும் நேரத்தோடு 40 நிமிடம் கூட்டுங்கள்.

சோதித்துப் பார்க்கலாம். சென்னை–மதுரை: 418 கிலோமீட்டருக்கு 30 நிமிடம், கூடவே 40; ஆக 1 மணி 10 நிமிடம். சென்னை–டெல்லி: 1,760க்கு 2 மணி 7 நிமிடம், 40 சேர்த்தால் 2 மணி 47. சென்னை–சிங்கப்பூர்: 3 மணி 31, 40 சேர்த்தால் 4 மணி 11. அட்டவணைகளோடு ஒப்பிட்டால் மூன்றும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் நிற்கும். ஏடிஆருக்கு 500ஆல் வகுத்து 30 நிமிடம் கூட்டினால் போதும். அது அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. சென்னை–யாழ்ப்பாணம் 356 கிலோமீட்டருக்கு 43 நிமிடம், கூடவே 30. ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி வருகிறது.

தூரம் குறையக் குறைய இந்த 40 நிமிடத்தின் பங்கு கூடுவதைக் கவனியுங்கள். மதுரைப் பயணத்தில் பாதிக்குமேல் இதுவே. மதுரைக்கு இதைவிட வேகமான விமானம் விட்டாலும் மிச்சமாவது நாலைந்து நிமிடம்தான்.

லண்டனுக்கு இந்தக் கணக்கு காலை வாரும். பெரிய விமானம் என்பதால் 8,235ஐ 900ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம். 40 சேர்த்தால் 9 மணி 49. உண்மையில் சென்னையிலிருந்து போக 11 மணி நேரத்தை நெருங்கும். திரும்பி வர 10 மணி நேரத்தைச் சுற்றி. போவதற்கும் வருவதற்கும் இத்தனை வித்தியாசம் ஏன்?

காற்று

விமானத்தின் வேகம் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். காற்றே நகர்ந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும், அல்லது கழிந்துவிடும். நடு அட்சரேகைகளில் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சகஜம்.

நியூயார்க்–லண்டன் 5,540 கிலோமீட்டர். விமான வேகம் 880, மேற்குக் காற்று 120 என்று வைத்துக்கொள்வோம். லண்டனுக்கு வரும்போது தரை வேகம் 1,000. நேரம் 5 மணி 32 நிமிடம். திரும்பும்போது 760; 7 மணி 17 நிமிடம். இரண்டும் சேர்ந்து 12 மணி 49. காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 35தான். வரும்போது கிடைத்த லாபம் போகும்போது வந்த நட்டத்தை ஈடுகட்டவில்லை, பார்த்தீர்களா? எதிர்காற்றில் கூடுதல் நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் காரணம். ஆகவே, போக எட்டு மணி, வர ஆறு மணி, சராசரி ஏழு என்று கணக்கிட்டு அதிலிருந்து விமானத்தின் வேகத்தைக் கண்டுபிடிக்க முயன்றால் தப்பான விடை வரும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியைவிட வேகமாகப் போய்விட்டது என்று சிலர் எழுதினார்கள், இல்லை. காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் இருந்தது, காற்றுதான் ஓடியது.

காற்றுக்காகத் தூரத்தை வேண்டுமென்றே கூட்டிக்கொள்வதும் உண்டு. டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியாகப் போகத் தொடங்கியது. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300ஐத் தொட்டது. நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்தது. அட்லாண்டிக்கில் எதிர்த்த அதே காற்று இந்தப் பக்கம் பின்னால் இருந்து தள்ளியது.

தென்னிந்தியாவுக்கு இதில் தனிக்கதை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேல், உயரத்தில், காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று இதற்குப் பெயர். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதை விரிவாக எழுதினார். தரையில் தென்மேற்குக் காற்று வீசும் அதே நேரத்தில் 12 கிலோமீட்டர் மேலே அதற்கு எதிர்த்திசையில் காற்று ஓடுகிறது. ஜூலையில் சென்னையிலிருந்து துபாய் போகும் விமானத்துக்கு இந்தக் காற்று துணை. ஜனவரியில் வடக்கே ஏற ஏற மேற்குக் காற்று எதிர்த்து நிற்கும். ஒரே விமானம், ஒரே பாதை. பருவம் மாறினால் நேரம் மாறும். நிறுவனங்கள் கோடை அட்டவணை, குளிர்கால அட்டவணை என்று தனித்தனியாக நேரம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிக்கெட்டில் உள்ள நேரம்

அட்டவணையில் போடும் நேரம் கதவிலிருந்து கதவுவரை. அதில் நிறுவனம் கொஞ்சம் இடைவெளியும் விட்டிருக்கும். முந்தைய மாதங்களில் அந்த விமானம் எவ்வளவு எடுத்தது என்ற பதிவைப் பார்த்து, நெரிசல் மிகுந்த வேளை என்றால் கூடுதலாகப் போடுவார்கள். அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள இந்த இடைவெளி உதவும். அரைமணி தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்து நிமிடமே தாமதமாகச் சேரும்போது விமானி விரட்டி ஓட்டினார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அட்டவணையில் ஒளித்து வைத்திருந்த நிமிடங்கள்தான் அவை.

நேர்மாறாகவும் நடக்கும். இறங்கும் இடத்தில் வரிசை என்றால் விமானத்தை வட்டமடிக்க வைப்பார்கள். ஒரு நிமிடம் நேராக, ஒரு நிமிடம் திரும்பல், மறுபடி இதேபோல். ஒரு சுற்றுக்கு 4 நிமிடம். ஐந்து சுற்று என்றால் 20 நிமிடம் போயிற்று.

டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படி இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையில் காலை 10.00க்குக் கிளம்பி சிங்கப்பூரில் மாலை 4.55க்குச் சேர்ந்தால் 6 மணி 55 நிமிடம் ஆனதுபோல் தோன்றும்; இரண்டரையைக் கழித்தால் 4 மணி 25. திரும்பும்போது மாலை 6.00க்குக் கிளம்பி இரவு 7.50க்குச் சேர்ந்தால் வெறும் 1 மணி 50 போல் இருக்கும். இங்கே இரண்டரையைக் கூட்ட வேண்டும், 4 மணி 20. கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பினால் இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழியுங்கள், தப்பே வராது.

லண்டனுக்கு ஒரு கூடுதல் கவனம். அங்கே மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள். ஆக நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. அமெரிக்காவில் கடிகாரம் மாறும் தேதிகள் வேறு. அமெரிக்கப் பயணத்தில் நாள் கணக்கும் விநோதமாகத் தெரியும்: டிசம்பரில் டெல்லியில் அதிகாலை 4.00க்கு ஏறி 15 மணி நேரம் பறந்து சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினால் அங்கே அதே நாள் காலை 5.30. திரும்பும்போது டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் 1 அல்லது கூட்டல் 2 என்று இருக்கும்; அத்தனை நாள் தள்ளி இறங்குகிறீர்கள் என்று பொருள். அதைப் பார்க்காமல் ஒருநாள் முன்னதாகவே கார் அனுப்பி வைக்கிற வீடுகள் இன்றும் உண்டு.

ஒரு குறிப்பிட்ட விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கணக்கைவிட நல்ல வழி இருக்கிறது. ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த ஒரு வாரப் பயணங்கள் வரும். தரையை விட்டு எழுந்ததிலிருந்து தரைதொட்டது வரையான நேரத்தையும், கதவுவரையான நேரத்தையும் கலக்காமல் பாருங்கள். ஒரு வாரத்தில் மிக நீண்ட நாள் எதுவோ அதை எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கான இடைவெளியைத் தீர்மானிப்பது நல்லது, சராசரியை நம்ப வேண்டாம். அடுத்த விமானம் 6.00 மணிக்கு என்றால் கதவு மூடுவது அதற்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிடம் முன்பு. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிய தனித்தனி டிக்கெட் என்றால், சர்வதேசப் பயணத்தில் அந்தக் கவுண்டரையே பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பு, சில நிறுவனங்கள் அதற்கும் முன்பு, மூடிவிடுவார்கள். கணக்கு அங்கிருந்து பின்னோக்கித் தொடங்க வேண்டும்.